நம்மை நிறுத்தியது எது? புகைப்படத்துக்குப் பொருள் தேடுவதும் அதைச் சட்டகத்தில் அமைப்பதும்

கேமரா கைக்கு வந்த முதல் மாதத்தில் கண்ணில் படுவதையெல்லாம் படமெடுப்போம். மூன்றாவது மாதத்தில் எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இந்த வறட்சி ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. அப்போது பெரும்பாலானவர்கள் புதிய லென்ஸ் வாங்குகிறார்கள், அல்லது தொலைதூரப் பயணம் கிளம்புகிறார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். மலை உச்சியில் விடியுமுன் நடுங்கிக்கொண்டு நின்று எடுத்த நூற்றுக்கணக்கான சூரிய உதயப் படங்களில் ஒன்றுகூட இன்று என்னிடம் மிச்சமில்லை. ஊர் திரும்பிய அதே வாரத்தில், வீட்டு நடைவழியில் யாரோ காயவைத்திருந்த ஒரு குடையை எடுத்தேன். அந்தப் படம் இன்னும் என் மேசைக்கு எதிர்ச் சுவரில் தொங்குகிறது. உதயம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, கண்முன் கிடந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். குடையின் முன்னால் மட்டும் முக்கால் மணிநேரம் இருந்தேன்.

ஆகவே இங்கே நான் வற்புறுத்தப்போவது ஒரே ஒரு பழக்கத்தைத்தான். ஏதோ ஒன்று நம் நடையை நிறுத்தும்போது, ஷட்டரை அழுத்துவதற்கு முன், ‘என்னை நிறுத்தியது எது?’ என்று கேட்டு, அதற்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்லிக்கொள்ள வேண்டும். எதைச் சட்டகத்துக்குள் வைப்பது, எதை வெளியே தள்ளுவது, எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பதில் எடுக்கலாம். ‘அழகாக இருந்தது’ என்பது விடை ஆகாது. எது அழகாக இருந்தது, எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில் என்று சொல்ல முடிகிறபோதுதான் அது விடையாகிறது.

பெயரை மறந்து பார்ப்பது

அன்றாடம் நாம் பொருட்களைப் பார்ப்பதில்லை, அவற்றின் பெயர்களைப் படித்துக்கொண்டு போகிறோம். ‘நாற்காலி’ என்று மனம் சொன்ன கணத்திலேயே கண் அதை விட்டு நகர்ந்துவிடுகிறது. வாழ்க்கை நடத்த அது வசதிதான்; புகைப்படத்துக்கு அதுவே முதல் தடை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் எடுத்த குடைமிளகாய்ப் படம் இதற்கு நல்ல பாடம். ஒரு சாதாரணக் குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றின் வாய்க்குள் வைத்து அவர் படமெடுத்தார். புனலின் வளைந்த உட்சுவர் வெளிச்சத்தைச் சுற்றிலுமிருந்து மிருதுவாகத் திருப்பியனுப்ப, மடிப்புகளும் பளபளப்புமாக அது ஒரு மனித உடலைப் போலத் தோற்றம் கொண்டது. அந்தப் படத்தின் பெயரில் 30 என்ற எண் இருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனை குடைமிளகாய்கள், எத்தனை முயற்சிகள் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

இதைப் பழக நான் பரிந்துரைக்கும் பயிற்சி சற்று அலுப்பூட்டும், ஆனால் பலன் தரும். உங்களுக்கு நன்றாகப் பழகிய ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் உட்கார்ந்திருங்கள். எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே அது முடிகிறது, எந்தக் கோடு எந்தக் கோட்டைச் சந்திக்கிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு ஒரே லென்ஸைக் கொண்டு, ஜூம் செய்யாமல், 36 படங்கள் எடுங்கள்; பழைய ஃபிலிம் சுருள் ஒன்றில் அடங்கிய எண்ணிக்கை அது. முதல் பத்துப் படங்கள் எல்லோரும் எடுப்பவையாக இருக்கும்: ஜன்னல், கடிகாரம், மேசைமேல் புத்தகம். பதினைந்தைத் தாண்டும்போது எரிச்சல் வரும். எடுக்க எளிதானவையெல்லாம் தீர்ந்துபோன பிறகு, இருபதுக்கு மேல், கதவிடுக்கில் தரையில் நீளும் ஒளிக்கீற்றும், திரைச்சீலையின் மடிப்பில் சிக்கிய நிழலும் கண்ணில் படத் தொடங்கும். முப்பத்தாறையும் எடுத்து முடிக்காமல் எழுந்துவிட்டால் இந்தப் பயிற்சிக்கு அர்த்தமில்லை.

வெளிச்சத்தைத் தொடர்ந்து போவது

பொருளைத் தேடிப் போவதைவிட வெளிச்சத்தைத் தேடிப் போவது எளிது என்பது என் அனுபவம். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பொருள் நமக்காகக் காத்திருக்கும். நல்ல பொருள் இருக்கும் இடத்தில் வெளிச்சமும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் கவனிக்க வேண்டியது வெளிச்சம் வரும் திசை. நமக்குப் பின்னாலிருந்து பொருளின்மேல் நேராக விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாக்கும். நிறம் தெளிவாக வரும், உருவத்தின் திரட்சி வராது. பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் கொடுப்பதால், சுவரின் சொரசொரப்பும் முகத்தின் சுருக்கமும் கையால் தொட்டு உணர்வதுபோல வெளிப்படும். பொருளுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அதன் விளிம்பை வரைந்து காட்டும். இலை, துணி, நீர், புகை போல ஒளி ஊடுருவும் பொருளாக இருந்தால் அதை உள்ளிருந்தே ஒளிரச் செய்துவிடும். ஒரே இலையை இந்த மூன்று திசைகளிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

மேகமூட்டமான நாளைப் பலர் வீணான நாள் என்று கருதுகிறார்கள். ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெச்சர் தம்பதியர் பல்லாண்டுகளாகத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் தொழிற்சாலைக் கட்டடங்களையும் மேகமூட்டமான வானத்தின் கீழேதான் படமெடுத்தார்கள். கட்டடத்தின் வடிவத்தை எந்த நிழலும் மறைத்துவிடக் கூடாது என்பதே அவர்களுடைய நோக்கம். வடிவமும் நிறமும் உங்களை நிறுத்தியிருந்தால் மேகமூட்டம் உதவும். பரப்பின் சொரசொரப்பு நிறுத்தியிருந்தால் சாய்வான வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்தச் சாய்வான வெயில் நெடுநேரம் நிற்காது. சூரியன் தொடுவானத்துக்கு மேலே ஏறத்தாழ 6 பாகைக்குள் இருக்கும் வேளையைத்தான் பொன்வேளை என்கிறார்கள். வானில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அது ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், அந்த 6 பாகையைக் கடக்க அதற்கு அரைமணிநேரம்கூட ஆகாது. துருவங்களை நோக்கிப் போகப்போகச் சூரியன் சரிவாக இறங்கும், வேளையும் நீளும். ஆகவே வெளிச்சம் வந்த பிறகு இடம் தேடத் தொடங்கினால் தாமதமாகிவிடும். முந்தைய நாளே வந்து நிற்கும் இடத்தை முடிவு செய்துகொள்வது நல்லது. உச்சி வெயிலில் என்ன செய்வது என்றால், நிழல்களையே பொருளாக்கிக்கொள்ளலாம். படிக்கட்டின் கைப்பிடி நிழல் அந்த நேரத்தில் கைப்பிடியைவிட அழகாக இருக்கும்.

ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். சிறிய ஒளிமூலத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். ஜன்னல் அகலமான ஒளிமூலம் என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், ஜன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் குறைவது உறுதி. ஆகவே ஒருவரை ஜன்னலுக்கு மிக அருகில் பக்கவாட்டாக உட்காரவைத்து, பின்சுவர் தொலைவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, முகத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) வைத்தால், பின்னணி தானே இருண்டுவிடும். அலங்கோலமான அறையையும் இப்படி மறைத்துவிட முடியும். கருப்புத் துணியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரு குடை, முக்கால் மணிநேரம்

இனி அந்தக் குடைக்கு வருகிறேன். மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த ஒரு பிற்பகலில், நடைவழியில் விரித்து வைக்கப்பட்டிருந்த அடர்நீலக் குடை அது. நின்ற நிலையிலேயே கண்மட்டத்தில் வைத்து முதல் படத்தை எடுத்தேன். குடை நடுவில் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சுவிட்ச் பலகை, செருப்பு அடுக்கும் தட்டு, பாதி தெரிந்த கதவு. குடையைப் பற்றிய படமாக அது இல்லை, நடைவழியின் இருப்புக் கணக்காக இருந்தது.

என்னை நிறுத்தியது எது என்று கேட்டபோது முதலில் வந்த விடை ‘குடையின் நிறம்’ என்பது. ஆனால் கண் அந்த நிறத்தின்மேல் தங்கவில்லை. மறுபடி பார்த்தபோது புரிந்தது: பின்னால் இருந்த ஜன்னலின் வெயில் துணியின் வழியே ஊடுருவி, கம்பிகளைக் கருங்கோடுகளாகவும், ஒட்டியிருந்த நீர்த்துளிகளை ஒளிப்புள்ளிகளாகவும் காட்டியது. விடை கிடைத்ததும் வேண்டாதவை தாமாக விலகின. செருப்புத் தட்டும் சுவிட்ச் பலகையும் வேண்டாம். குடையின் பிடி வேண்டாம். குடை முழுவட்டமாகத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

முழங்காலிட்டு உட்கார்ந்தேன். கேமரா தாழ்ந்ததும் சுவிட்ச் பலகை துணிக்குப் பின்னால் மறைந்தது. ஒரு சாண் இடப்புறம் நகர்ந்தபோது, கம்பிகள் எல்லாம் மேல் வலது மூலையை நோக்கிக் குவிந்தன. அவை குவியும் புள்ளி சட்டகத்துக்குள் வருமாறு ஓர் அடி பின்வாங்கினேன். அடுத்ததாக எக்ஸ்போஷர் பிரச்சினை. சட்டகம் முழுதும் ஒளியேறிய துணி நிறைந்திருந்ததால், கேமரா அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் குறைத்து, துணியை மங்கலாக்கியது. ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக, கூட்டினேன்; நீலம் உயிர்பெற்றது. கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் துணியைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் இதே பலன் கிடைக்கும். ஃபோகஸை நடுவில் வைக்காமல், கம்பியின் நுனியில் விழப்போகும் நிலையில் தொங்கிய ஒரு துளியின்மேல் வைத்தேன்.

படம் நன்றாக வந்தது, ஆனால் அசைவின்றி இருந்தது. அப்போது ஜன்னலுக்கு வெளியே யாரோ நடந்துபோக, அவருடைய நிழல் துணியின்மேல் ஒரு கணம் ஓடி மறைந்தது. நான் தவறவிட்டுவிட்டேன். அங்கேயே இருந்தேன். இரண்டாவது ஆள் மிக வேகமாகப் போனார்; மூன்றாவது நிழல் கம்பிகள் குவியும் இடத்தில் விழுந்து குழம்பியது; நான்காவதாக வந்தவர் நின்று எதையோ தேடினார், அவருடைய தோளும் தலையும் நீலத்தின் நடுவே கருமையாக நின்றன. மொத்தம் 41 படங்கள். முழங்கால் வலி இரண்டு நாள் இருந்தது.

விளிம்புகளும் பின்னணியும்

தொடங்குபவர்களின் படங்களில் நான் அதிகம் காணும் குறை, பொருளை மட்டும் பார்த்துவிட்டு அழுத்திவிடுவதுதான். ஒருவருடைய முகத்தை நாம் பார்க்கும்போது மனம் பின்னணியைக் கழித்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தக் கழித்தல் தெரியாது. அதனால்தான் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது தலைக்கு மேலே விளக்குக் கம்பம் முளைத்திருக்கிறது. அழுத்துவதற்கு முன் சட்டகத்தின் நான்கு விளிம்புகளையும் கண்ணால் ஒருமுறை சுற்றி வாருங்கள். அறுபட்ட விரல், பாதி எழுத்து, மூலையில் ஒரு வெள்ளைத் தாள் ஆகிய மூன்றும் கண்ணைப் படத்துக்கு வெளியே இழுத்துச் செல்பவை. பார்வையாளரின் கண் வெளிச்சமான இடத்துக்கும், எழுத்து உள்ள இடத்துக்கும், முகத்துக்கும் முதலில் ஓடும். உங்கள் பொருள் இந்த மூன்றில் ஒன்றாக இல்லாதபோது, இவை சட்டகத்தில் வேறெங்கும் இருந்து போட்டியிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்களை அரைகுறையாக மூடிக்கொண்டு காட்சியைப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சத் திட்டுகள் மட்டும் தெரியும். எந்தத் திட்டு அதிகாரம் செய்கிறது என்பது உடனே விளங்கிவிடும்.

பின்னணியைச் சரிசெய்வதற்குச் செலவில்லாத வழி கால்கள். ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தால் கம்பம் தலையை விட்டு விலகும். தாழ்ந்தால் பின்னணி வானமாகும், உயர்ந்தால் தரையாகும். பொருளுக்கும் பின்னணிக்கும் இடையிலான அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் தூரம் மட்டுமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று ஜூம் செய்தால் காட்சி வெட்டப்படுகிறதே தவிர, அந்த விகிதம் மாறுவதில்லை. பின்னால் தெரியும் மலை ஆளுக்குப் பின்னே பெரிதாக ஓங்கி நிற்க வேண்டுமென்றால், ஆளை விட்டு விலகிப்போய் நீண்ட குவியத்தூரத்தில் (அதாவது ஜூம் செய்து) எடுக்க வேண்டும். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலமானது. ஒளியைப் பதியும் உணரி 24×36 மில்லிமீட்டர் அளவுள்ள முழுச்சட்டக் கேமராவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அதைக் கொண்டு முகத்தை நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகித் தெரிவதற்குக் காரணம் நெருங்கிய தூரம்தான். இரண்டு எட்டு பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள், முகம் முகமாக வரும்.

நெருங்குவதற்கும் ஒரு முறை உண்டு. 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், வேலையிழந்த பட்டாணிக்காய் பறிக்கும் தொழிலாளர்களின் முகாமைக் குறித்த அறிவிப்புப் பலகையைக் கண்டும் நிற்காமல் காரை ஓட்டிப்போன அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லேங், ஏறத்தாழ 20 மைல் கடந்த பிறகு மனம் கேளாமல் திரும்பி வந்தார். அங்கே கூடாரத்தில் இருந்த ஒரு தாயையும் பிள்ளைகளையும் அவர் எடுத்த படங்களில் சிலவற்றில் கூடாரமும் சுற்றியுள்ள தட்டுமுட்டுச் சாமான்களும் தெரிகின்றன. உலகம் முழுதும் அறியப்பட்ட படத்திலோ கூடாரம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு பிள்ளைகள், மடியில் குழந்தை, கன்னத்தில் ஊன்றிய தாயின் கை, அவ்வளவுதான். முதலில் அகலமாக எடுத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே நெருங்குவது இன்றும் உதவும் வழி. அறிமுகமில்லாத மனிதர்களை இப்படி நெருங்கும்போது அனுமதி கேட்டுவிடுவது முறை. மறுத்தால் விட்டுவிட வேண்டும்.

விதிகளைப் பற்றிச் சிறிது

மூன்றிலொரு பங்கு விதியைப் பற்றி எழுதாத கையேடு இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடங்களில் முக்கியமானவற்றை வைக்கச் சொல்கிறது அது. 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர் இயற்கைக் காட்சி ஓவியங்களுக்காக அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். கேமரா பிறப்பதற்கு முன்பே வந்த விதி. எல்லாவற்றையும் நடுவில் வைக்கும் பழக்கத்தை உடைக்க அது உதவும், அதற்குமேல் அதை நம்பிப் பயனில்லை. நீரில் விழும் பிரதிபலிப்பும், நேரெதிரே நோக்கும் முகமும் நடுவில் இருக்கும்போதுதான் வலிமை பெறுகின்றன. ஒருவர் பார்க்கும் திசையில், அல்லது ஓடும் திசையில், சற்று அதிக இடம் விடுவது நல்லது. தொடுவானம் சாயக் கூடாது. மற்றவை பழகப் பழகக் கைவரும்.

இதைவிடப் பயனுள்ளது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் புகைப்படக் கலைஞர் யோசெஃப் சுடெக், 1940 முதல் ஏறத்தாழ 14 ஆண்டுகள், பிராக் நகரில் இருந்த தம் பணியறையின் ஜன்னலைத் தொடர்ந்து படமெடுத்தார். கண்ணாடியில் படிந்த ஆவி, மழைத்துளி, உறைபனி, வெளியே நின்ற ஒரு வளைந்த மரம் ஆகியவையே அவருக்கு அத்தனை ஆண்டுகளுக்கும் போதுமானவையாக இருந்தன. நீங்கள் தினமும் கடந்துபோகும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் நாளுக்கு ஒரு படம் மட்டும் எடுத்துப் பாருங்கள்.

எடுத்த பிறகு

எடுத்த அன்றே படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முழங்கால் வலியும் காத்திருந்த நேரமும் நினைவில் இருக்கும்வரை, பட்ட பாட்டுக்கே மதிப்பெண் போட்டுவிடுவோம். ஒரு வாரம் கழித்து, படங்களைச் சிறு அளவில் வரிசையாக வைத்துப் பாருங்கள். அமைப்பு சரியாக இருக்கும் படம் தபால்தலை அளவிலும் புரியும். சந்தேகம் இருந்தால் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பெயர்கள் மறைந்து வடிவங்கள் மட்டும் எஞ்சும்.

பிறகு வெட்டிச் சீராக்குவதில் தவறில்லை. வெட்டுவதை அறவே விரும்பாத பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன்கூட, 1932-இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம், தரையில் தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை எடுத்த படத்தை வெட்டித்தான் வெளியிட்டார். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியே எடுத்ததால் ஒரு பலகை சட்டகத்தில் நுழைந்துவிட்டது. விளிம்பில் நுழைந்ததை நீக்கலாம். ஆனால் படத்தில் பாதிக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால், நின்ற இடம் தவறு என்று பொருள்.

தேர்ந்தெடுத்த ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அன்று சொல்லிக்கொண்ட அந்த ஒற்றை வாக்கியத்தை எழுதுங்கள். பிறகு அந்த இடத்தைப் பார்த்திராத ஒருவரிடம் படத்தை மட்டும் காட்டி, கண் முதலில் எங்கே போனது என்று கேளுங்கள். அவர் சொல்வதும் வாக்கியமும் பொருந்தாவிட்டால், படத்தில் எது அவரை வேறெங்கோ இழுத்தது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போங்கள். வானம் தெளிவாக இருந்தால் வெயில் சில நிமிட வேறுபாட்டில் அதே இடத்தில் விழுந்திருக்கும்.